ஓவர்கோட்டில் ஒரு பை

மதியச் சாப்பாட்டு மேசையில் எங்கள் டீமில் அடிக்கடி கிளம்பும் சண்டைகளில் உடை விதியும் ஒன்று. என்ன உடுத்த வேண்டும் என்று சொல்ல ஒரு கம்பெனிக்கு என்ன உரிமை என்று ஒருவர் ஆரம்பிப்பார். புரோகிராம் எழுதுவது மூளையா, சட்டையா என்று இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். நாங்கள் இருப்பது சென்னையில் ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையில், டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் மேலதிகாரிகள் வரை ஏறிவிட்ட ஓர் அலுவலகம். உடை விதி என்று எதுவும் இங்கே கிடையாது. ஆகவே இந்தச் சண்டையில் எதிர்க்கட்சியும் கிடையாது. எல்லாரும் ஒரே பக்கம் நின்றுகொண்டு ஆளில்லாத திசையில் கல்லெறிவோம். எனக்கு மட்டும் அந்தப் பேச்சு முழுசாக இறங்காது. ஏன் என்று எனக்கே சரியாக விளங்காமல்தான் இருந்தது. கேம்பஸில் எடுத்த பிள்ளைகள் வந்து சேர்ந்த பிறகு கொஞ்சம் பிடிபட்டது.

அதில் ஒரு பெண்ணுக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் முதல் பட்டதாரி. நன்றாக வேலை செய்வாள், சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் கேட்பாள். அவளிடம் இருந்த நல்ல டாப்ஸ் இரண்டோ மூன்றோதான். அவற்றையே மாற்றி மாற்றிப் போட்டு வந்தாள். ஒருநாள் காபி மெஷின் பக்கத்தில், "இந்த டாப்ஸ் உனக்கு ரொம்பப் பிடிக்குமோ?" என்று ஒருத்தி கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்டதில்லை, அது எனக்குத் தெரியும். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே "ஆமாக்கா" என்றாள். அடுத்த திங்கட்கிழமை கடை மடிப்புக்கூடக் கலையாத ஒரு புது டாப்ஸில் வந்தாள். அப்போது அவளுக்கு முதல் மாதச் சம்பளம் வந்திருக்கவில்லை. யாரிடமாவது கைமாற்று வாங்கியிருப்பாள். விதியே இல்லாத எங்கள் அலுவலகத்தில், யாரும் எழுதாத ஒரு விதியை அவள் படித்துப் புரிந்துகொண்டு, கடன் வாங்கி நிறைவேற்றியிருந்தாள்.

ஐடி கம்பெனிகள் கழுத்து டையை அவிழ்த்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். இன்ஃபோசிஸ் 2015 இல் வாரம் முழுக்க ஃபார்மல்ஸ் போட வேண்டிய கட்டாயத்தைத் தளர்த்தியபோது அது செய்தித்தாள்களில் பெரிய செய்தியாக வந்தது. அதற்கும் முன்பே அமெரிக்கக் கார் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸில் மேரி பார்ரா மனிதவளப் பொறுப்பில் இருந்தபோது, பத்துப் பக்க உடை விதியை எடுத்துவிட்டு 'பொருத்தமாக உடுத்துங்கள்' என்று ஒரே வரியில் முடித்ததை மேலாண்மை வகுப்புகளில் இன்றும் உதாரணமாகச் சொல்வார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எது பொருத்தம் என்பதை வீட்டிலேயே கற்றுக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் அந்த ஒற்றை வரி போதும். மற்றவர்களுக்குப் பத்துப் பக்கமும் வேண்டியிருக்கும். எழுதிய விதி கடுமையானதாக இருக்கலாம். என்ன செய்ய வேண்டும் என்றாவது அதில் தெரியும். எழுதாத விதியை மற்றவர்களின் கண்ணைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

இப்படிச் சொல்வதால் நான் சீருடைக்குக் கொடி பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உடை விதியின் நல்லதையும் கெட்டதையும் ஒரே துணியில் பார்த்தவள் நான். அந்தத் துணியின் பெயர் ஓவர்கோட்.

கோட் வந்த வருடம்

ஐடிக்கு வருவதற்கு முன் கொங்குப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டில் தனியார் கல்லூரியில் வேலை பார்த்த பெண்களிடம் ஓவர்கோட் என்றால் மேலே விளக்க வேண்டியதில்லை. சேலைக்கு மேல், முழங்கால் வரை, முன்பக்கம் பொத்தான் வைத்தது. நான் சேர்ந்தபோது அது கிடையாது. சேலை மட்டும் கட்டாயம், சுடிதார் கூடாது, தோளில் மடிப்பு வைத்துப் பின் குத்த வேண்டும், கூந்தலை விரித்துப் போடக் கூடாது. ஆண்களுக்கான விதி சுற்றறிக்கையில் ஒன்றரை வரி. சட்டையை உள்ளே விட வேண்டும், ஷூ போட வேண்டும், அவ்வளவுதான். மீதிப் பக்கம் முழுக்க எங்களைப் பற்றியது.

அந்த நாளில் எனக்குப் பெரிய தலைவலி சேலை அல்ல, ஜாக்கெட். அம்மாவின் சேலைகள் வீட்டில் இருந்தன. கஞ்சி போட்டு இஸ்திரி போட்டால் பழைய கோ-ஆப்டெக்ஸ் சேலைகூட எழுந்து நிற்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் என் அளவுக்கு லைனிங் வைத்த ஜாக்கெட் தைக்க வேண்டும். தையல் கூலி சேலை விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆகவே கறுப்பில் ஒன்று, பழுப்பில் ஒன்று தைத்து வைத்துக்கொண்டு எல்லாச் சேலைக்கும் அவற்றையே மாற்றினேன். முதல் பெஞ்சு மாணவிகள் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அவர்கள் சொல்லவில்லை. ஆனால் அந்த வயதுப் பெண்களின் பார்வை எங்கே போய் எங்கே திரும்பும் என்பது அந்த வயதைத் தாண்டி வந்தவளுக்குத் தெரியாதா?

பிறகு கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு வழங்கும் நாக் (NAAC) குழு வரப்போகிறது என்ற பரபரப்பில் ஓவர்கோட் வந்தது. 'தொழில்முறைத் தோற்றம்' என்று பிரின்சிபால் கூட்டத்தில் சொன்னார். உண்மையான காரணம் எல்லாருக்கும் தெரியும். வகுப்பில் எல்லாப் பையன் கையிலும் கேமரா வைத்த செல்போன். நாங்கள் கரும்பலகையில் கையை உயர்த்தி எழுதுகிறவர்கள். செல்போனை வைத்து என்ன செய்கிறான் என்று பையனைக் கேட்பதைவிட எங்களுக்கு ஒரு கோட் மாட்டிவிடுவது சுலபம். துணிக்கும் தையலுக்கும் எங்கள் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது மாடியில், மின்விசிறி சுற்றுகிறதா என்று அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய வகுப்பறையில், மார்ச் மாதத்து மதியத்தில், பாலியஸ்டர் கலந்த அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். சக ஆசிரியைகள் கொதித்தார்கள். நியாயமான கொதிப்பு.

எனக்கோ உள்ளுக்குள் நிம்மதி. கோட்டுக்கு உள்ளே என்ன ஜாக்கெட் என்று இனி யாருக்கும் தெரியாது. பழைய சேலையா, புதுச் சேலையா என்பதும் கால்பக்கத்து ஓர் அடியில்தான் தெரியும். சாக்பீஸ் தூசியும் சேலையில் படியாது. கோட் வந்த நோக்கம் என்னைச் சந்தேகிப்பது. கோட் எனக்குச் செய்தது என் வறுமையை மூடியது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. அன்றிலிருந்து உடை விதி பற்றி யார் என்ன சொன்னாலும் என்னால் முழுதாகத் தலையாட்ட முடியவில்லை.

ஒரே தானில் வெட்டிய துணி

அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது ஹவுஸ்கீப்பிங் பெண்களுக்கும் ஓவர்கோட் கொடுத்தார்கள். அவர்கள் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள். கழிப்பறை, தாழ்வாரம், வகுப்பறை எல்லாம் அவர்கள் பொறுப்பு. நிர்வாக அலுவலர் சிக்கனக்காரர். ஈரோட்டில் எங்களுக்கு எடுத்த துணியின் அதே தானில் மிச்சம் இருந்ததோ, அதே கடையில் மொத்த விலைக்குத் திரும்ப எடுத்தாரோ, இரண்டும் ஒரே கருநீலமாகிப் போயிற்று. தைத்தவரும் ஒரே ஆள். அதே பொத்தான், அதே கழுத்து, இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் அதே பை.

எங்கள் மாடியைக் கூட்டும் அக்காவிடம் கோட் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். புழுக்கமாக இருக்கிறது என்பார் என்று நினைத்தேன். அவர் இரண்டு கையையும் இரண்டு பையில் விட்டுக் காட்டினார். "இதுல பை இருக்குதுங்க மேடம். செல்லு வெச்சுக்கலாம், மாத்தர வெச்சுக்கலாம். இத்தன நாளு எல்லாம் இடுப்புலதானுங்க சொருகிட்டுத் திரிஞ்சேன், குனிஞ்சா விழுகும்." சர்க்கரை மாத்திரை. மதியம் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டியது; கைப்பையைக் கீழே ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டு மூன்று மாடி ஏறி வந்தவர், மாத்திரைக்காகத் திரும்ப இறங்கி ஏற வேண்டியிருந்தது. பொறியியல் படித்த நாங்கள் இத்தனை பேர் ஒரு வருடம் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு குறை சொல்லியிருந்தோம். அதில் பை இருப்பதை ஒரு வசதியாக யாரும் பேசிக் கேட்டதில்லை.

அட்மிஷன் நேரம். பெற்றோர்கள் கூட்டம் கூட்டமாக வந்து கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள். தாழ்வாரத்தில் யாரோ தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டார்கள். ஒரு பையனின் அப்பா, எதிரே வந்த எங்கள் மூத்த பேராசிரியையைப் பார்த்து, "ஏம்மா, இங்க தண்ணி கொட்டிக் கெடக்குது, கொஞ்சம் தொடச்சு உடும்மா, புள்ளைங்க வழுக்கி உழுந்துரப் போகுது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அக்கறையோடும் சொன்னார். பேராசிரியை முனைவர் பட்டம் பெற்றவர், இருபது வருட அனுபவம். ஸ்டாஃப் ரூமுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு பேசியதெல்லாம் கோட்டின் நிறம் பற்றி.

அன்று சாயங்காலம் ஒரு மனு தயாரானது. என்னை இன்றுவரை குடைவது அந்த மனுதான். ஒரு வருடமாகக் கோட்டே வேண்டாம் என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். புழுக்கம், அவமானம், ஆண்களுக்கு ஏன் இல்லை என்று எத்தனையோ நியாயங்கள் இருந்தன. அதில் ஒன்றுக்காகவும் யாரும் மனு எழுதியதில்லை. நிர்வாகத்தைப் பகைத்துக்கொண்டால் என்ன ஆகுமோ என்ற பயம். ஆனால் கூட்டுகிறவர்களைப் போல இருக்கிறோம் என்றதும் ஒரே நாளில் கையெழுத்துகள் சேர்ந்துவிட்டன. கோட்டை எடுத்துவிடுங்கள் என்று அந்த மனு கேட்கவில்லை. அவர்களுடைய கோட்டை மாற்றுங்கள் என்றுதான் கேட்டது. ஒரு வருடம் அடங்கிக் கிடந்த சுயமரியாதை எழுந்தபோது அது நடந்துபோன திசை கீழ்நோக்கியது.

மனு உடனே பலித்தது. பெண்கள் கேட்டு அந்த நிர்வாகம் இவ்வளவு சீக்கிரம் செய்து கொடுத்த காரியம் வேறொன்று இல்லை. ஹவுஸ்கீப்பிங் பெண்களுக்குப் பழுப்பு நிறத்தில் புதுக் கோட் வந்தது. அதில் பை இல்லை. துணி மிச்சம் பிடிக்கவா என்று ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசரிடம் கேட்டேன். "பை இருந்தா செல்லு நோண்டிக்கிட்டு நிப்பாங்க மேடம்" என்றார். வேறொன்றையும் சொல்லாமல் சொன்னார். பையில் எதையாவது போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்பது அவருடைய கவலை. எங்கள் மேல் நிர்வாகத்துக்கு ஒரு சந்தேகம், அவர்கள் மேல் சூப்பர்வைசருக்கு ஒரு சந்தேகம். இரண்டையும் தையல்காரர் துணியில் தைத்துக் கொடுத்துவிட்டார்.

துண்டு

அந்த அப்பா கேட்டதில் தப்பு இருக்கிறதா என்று வெகுநாள் யோசித்தேன். வேலைக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்பதை மறுக்க முடியாது. அரசு மருத்துவமனை வார்டில் நடுராத்திரியில் சலைன் தீர்ந்துபோனால், யார் செவிலியர், யார் நோயாளியோடு வந்தவர் என்று துணியைப் பார்த்துத்தான் ஓடுவோம். கூட்ட நெரிசலான பஸ்ஸில் காக்கியைப் பார்த்துத்தான் சில்லறை நீட்டுவோம். தண்ணீர் கொட்டிக் கிடந்தால் துடைக்கிறவர் யார் என்று ஒருவர் தேடுவதும் அதே வகைதான். வேலையைக் காட்டும் உடை ஊருக்கு உபயோகம். சிக்கல் என்னவென்றால், நம் ஊரில் எந்த வேலையும் வெறும் வேலையாக மட்டும் இருந்ததில்லை. துடைக்கச் சொன்னது அந்தப் பேராசிரியைக்கு வலித்தது வேலையினால் அல்ல, அந்த வேலையோடு யார் யாரெல்லாம் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறார்கள் என்பதனால். அதை அவரும் சொல்லவில்லை, மனுவில் கையெழுத்திட்டவர்களும் சொல்லவில்லை. நிறம் பற்றித்தான் பேசினார்கள்.

நாம் உடை விதியை வெள்ளைக்காரனிடமிருந்தோ கார்ப்பரேட்டிடமிருந்தோ கற்றுக்கொள்ளவில்லை. பண்ணையார் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும் என்பது எழுதப்படாத சுற்றறிக்கை. அந்தத் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்பது அதன் அடுத்த பத்தி. தெற்கே திருவிதாங்கூரில் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காக ஒரு தலைமுறைக்கு மேல் போராடி, 1859 இல்தான் அரசாணை பெற்றார்கள். அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போலவே அணியக் கூடாது என்று ஒரு கொக்கி வைத்துத்தான் கொடுத்தார்கள். மூடிக்கொள்ளலாம், ஆனால் எங்களைப் போல இருக்கக் கூடாது. ஸ்டாஃப் ரூம் மனுவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அரசாணை ஞாபகம் வரும். பழுப்புக் கோட் போட்டுக்கொள்ளலாம், கருநீலம் கூடாது.

திராவிட இயக்கத்தார் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. செட்டிநாட்டில் ஒரு திருமண ஊர்வலம். நாகசுரக் கலைஞர் வாசித்துக்கொண்டே வருகிறார். வியர்வை துடைக்கத் தோளில் ஒரு துண்டு. ஊர்ப் பெரியவர்கள் துண்டை எடு என்கிறார்கள். கூட்டத்தில் இருந்த சுயமரியாதை இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரி எடுக்காதே என்கிறார். இதை அரசியல் கதையாகத்தான் கேட்டிருப்போம். எனக்கு இது ஒரு பணியிடக் கதையாகவும் படுகிறது. அந்தக் கலைஞர் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார். துண்டு அவருடைய வேலைக்கு வேண்டிய பொருள். வேலைக்கு எது வேண்டும் என்பதைச் செய்கிறவர் சொல்லாமல் பார்க்கிறவர் சொன்னார்.

2012 இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஹாஜோ ஆடமும் ஆடம் கலின்ஸ்கியும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே வெள்ளைக் கோட். ஒரு சாராரிடம் அது மருத்துவர் கோட் என்றும் இன்னொரு சாராரிடம் ஓவியர் கோட் என்றும் சொல்லி மாட்டிவிட்டார்கள். மருத்துவர் கோட் என்று நம்பியவர்களுக்குக் கவனம் கூடுதலாக இருந்தது என்றார்கள். உடுத்துகிற விதம் நினைக்கிற விதத்தை மாற்றும் என்று மனிதவளத் துறையினர் இதை மேடைதோறும் சொல்வார்கள். அந்த ஆய்வின் ஒரு பகுதியை 2019 இல் வேறொரு குழுவினர் இன்னும் அதிகம் பேரை வைத்துச் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை என்பதை மட்டும் அதே மேடைகளில் கேட்க முடியாது. கோட் போட்டவருக்குள் என்ன நடக்கிறது என்பதை ஆய்வாளர்களே தீர்த்துக்கொள்ளட்டும். ஒரே துணிக்கு இரண்டு பெயர் வைத்தால் எதிரே நிற்கிறவருக்குள் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் தாழ்வாரம் போதும்.

வேட்டியும் சட்டமும்

அரசாங்கமும் இதில் கை வைத்துப் பார்த்திருக்கிறது. 2014 இல் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த ஒரு நூல் வெளியீட்டுக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அமளி ஆனது. ஒரே மாதத்தில் சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், உரிமம் ரத்து. நல்ல சட்டம்தான். தடுக்கப்பட்டவர் நீதிபதியாக இல்லாமல் நாமக்கல் லாரி ஓட்டுநராக இருந்திருந்தால் சட்டமன்றம் இவ்வளவு வேகம் காட்டியிருக்குமா என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2019 இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு ஓர் அரசாணை. ஆண்களுக்குச் சட்டை, ஃபார்மல் பேன்ட் அல்லது வேட்டி. பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார். கவனித்துப் பார்த்தால் அதில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது: சுடிதாரின் பெயர் எழுத்தில் வந்தது. அதைக் காட்டித்தான் அரசுப் பள்ளி ஆசிரியைகள் பின்னால் சுடிதாருக்கு நியாயம் கேட்க முடிந்தது. கேரளத்தில் உயர்கல்வித் துறை 2021 இல் ஆசிரியைகளைச் சேலை கட்டச் சொல்லி எந்த நிறுவனமும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சுற்றறிக்கையே விட்டது. எழுதிய விதிக்கு இந்த ஒரு குணம் உண்டு. அதை எடுத்துக்காட்டி வாதாடலாம். அப்போது துணை முதல்வராக இருந்த உதயநிதி அரசு நிகழ்ச்சிகளுக்கு டி-ஷர்ட் அணிந்து வந்ததை எதிர்த்து 2024 இல் உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கும் இந்த அரசாணையைத்தான் தூக்கிக்கொண்டு போனது. டி-ஷர்ட் போடலாமா கூடாதா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. கிளார்க்கைக் கட்டும் விதி மேலே எதுவரை கட்டும் என்ற கேள்விதான் எனக்குச் சுவாரஸ்யம்.

வெயிலையாவது மதித்தால் பரவாயில்லை. கறுப்புக் கோட் இல்லாமல் வழக்கறிஞர் இல்லை என்று நினைக்கிறோம். பார் கவுன்சில் விதியே உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற இடங்களில் கோடையில் கோட் கட்டாயமில்லை என்கிறது. ஜப்பானில் 2005 இல் சுற்றுச்சூழல் அமைச்சர் யூரிகோ கொய்கே, கோடையில் அலுவலக ஏசியை 28 டிகிரியில் வையுங்கள், கோட்டும் டையும் வேண்டாம் என்று இயக்கமே நடத்தினார். டை கட்டுவதில் ஜப்பானியரைவிடப் பிடிவாதக்காரர்கள் யார்? அவர்களே அவிழ்த்தார்கள். கொங்கு நாட்டு மார்ச் மாதத்தில் எங்களுக்கு மட்டும் விலக்கு கிடையாது.

துவைப்பது யார்?

என் மாமா அரசுப் பேருந்தில் நடத்துனர். காக்கித் துணி கொடுப்பார்கள், தையற்கூலி கொடுப்பார்கள், சலவைப்படி என்று ஒன்றும் உண்டு. தொகையைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சொல் சம்பளச் சீட்டில் இருக்கிறது பாருங்கள், அதுதான் விஷயம். இந்த உடை உன் விருப்பம் இல்லை, எங்கள் தேவை. ஆகவே இதற்கு ஆகும் சோப்பும் தண்ணீரும் எங்கள் செலவு என்று ஒரு நிர்வாகம் ஒப்புக்கொள்கிறது. தனியார் கல்லூரியில் கோட்டுக்கான பணம் எங்கள் சம்பளத்தில் போனது. ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்குக் கொடுத்தது ஒற்றைக் கோட். கழிப்பறை கழுவிய கோட்டை ராத்திரி துவைத்து, விடிவதற்குள் காயவைத்து, அதையே காலையில் போட்டுக்கொண்டு வருவார். மழைக்காலத்தில் ஈரத்தோடு.

சித்தி மகள் தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் வேலை பார்த்தாள். கல்யாணப் பட்டு செக்ஷன். நாள் முழுக்கக் காஞ்சிபுரம் பட்டை விரித்துக் காட்டும் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி சிந்தெடிக் சேலையில் நிற்பார்கள். அவளுக்கு அந்தச் சீருடைச் சேலை பிடித்திருந்தது. ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்களுக்குள் யார் வீட்டில் வசதி, யார் வீட்டில் இல்லை என்று தெரியாமல் போகும் என்பாள். நான் கோட்டைப் பற்றி நினைத்ததையேதான் அவளும் சொன்னாள், என்னைவிடச் சுருக்கமாக. ஆனால் கால் வீங்கிப் போகும். உட்கார இடம் கிடையாது. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வந்து நிற்பார். கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்ற சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 2021 இல்தான் வந்தது. சேலை எப்படி இருக்க வேண்டும், பின் எங்கே குத்த வேண்டும், தலையில் பூ எவ்வளவு என்றெல்லாம் அந்தக் கடைகள் யோசித்து முடித்து எத்தனையோ வருடம் கழித்து, ஒரு ஸ்டூலைப் பற்றி யோசிக்க அரசாங்கம் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே சாப்பாட்டு மேசையில் இப்போது நான் சும்மா இருப்பதில்லை. விதி வேண்டும் என்கிறேன். கூச்சல் போடுகிறார்கள், போடட்டும். விதி என்றால் நான் சொல்வது இது: காசு கம்பெனி கொடுக்க வேண்டும், ஆண் பெண் இருவருக்கும் ஒரே நீளத்தில் எழுத வேண்டும், எம்.டி.யும் அதைப் போட வேண்டும், போடப் போகிறவரைக் கேட்டுவிட்டுத் தைக்க வேண்டும். "அப்படி ஒரு கம்பெனி இருந்தா சொல்லுங்க, நான் காக்கிகூடப் போடுறேன்" என்றான் ஒரு தம்பி. அவன் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அரியலூர்ப் பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "பாண்டி பக்கம் எங்க அக்கா ஃபேக்டரில கேன்டீன்ல மேனேஜர்லேருந்து எல்லாருக்கும் ஒரே சட்டதான் அண்ணா" என்றாள். தொழிற்சாலைகளில் சில இடத்தில் அப்படி உண்டுதான். அந்தத் தம்பி அது வேற, இது வேற என்றான். எப்படி வேற என்று அவள் விடாமல் கேட்க ஆரம்பித்தாள்.

பழைய கல்லூரித் தோழி ஒருத்தி போன மாதம் பேசினாள். ஒப்பந்தக்காரர் மாறிவிட்டாராம். புது ஆள் ஹவுஸ்கீப்பிங்குக்கு டி-ஷர்ட்டும் பேன்ட்டும் கொடுத்திருக்கிறார். மால்களில் பார்ப்போமே, அந்த மாதிரி. வயதான பெண்கள் பேன்ட் போட மாட்டேன் என்று சொல்லி, சேலைக்கு மேலேயே டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறார்களாம். முந்தானையை எங்கே விடுவது என்று தெரியாமல் டி-ஷர்ட்டுக்குள் சுருட்டி வைத்துக்கொள்கிறார்களாம். "பாக்கவே சிரிப்பா இருக்குடி" என்றாள். டி-ஷர்ட்டில் பை இருக்கிறதா என்று கேட்டேன். அதையெல்லாம் யார் பார்த்தது என்றாள்.